கிளவுஸ் மேல் வைத்த எலுமிச்சம்பழம்

எனக்கு மூடநம்பிக்கை கிடையாது. பூனை குறுக்கே போனால், பூனைக்கு அந்தப் பக்கம் ஏதோ வேலை இருக்கிறது என்று நினைக்கிறவள் நான். வாரம் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். ஞாயிற்றுக்கிழமை ஆனால் நூம்பல் பெண்கள் கால்பந்து அணிக்குக் கோச். இரண்டு இடத்திலும் என் கழுத்தில் தொங்கும் விசிலைத் தவிர வேறு எதையும் நான் நம்புவதில்லை.

ஆட்டம் சமனில் முடிந்து, அணிக்கு ஐந்து பெனால்டி அடிக்கும் டை பிரேக்கர் வந்தால் மட்டும் மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பேன். அது மூடநம்பிக்கை இல்லை. நான் பார்த்தால் எங்கள் வலையில் கோல் விழும், அவ்வளவுதான். நான் ஆடிய காலத்திலிருந்தே அப்படித்தான். அதனால் அந்த நேரத்தில் காம்பவுண்டு சுவர்ப் பக்கம் திரும்பி, அதில் எழுதியிருக்கும் செப்டிக் டேங்க் லாரி நம்பரைப் படித்துக்கொண்டு நிற்பேன். கூட்டம் போடும் சத்தத்தை வைத்தே பந்து உள்ளே போனதா வெளியே போனதா என்று தெரிந்துவிடும். இதனால் யாருக்கு என்ன நஷ்டம்?

ஆனால் அகல்யாவின் எலுமிச்சம்பழத்தைப் பார்த்தால் மட்டும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அகல்யா எங்கள் கீப்பர். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ஒயர் மாட்டும் வேலை பார்க்கிறாள். எதிரி காலைத் தூக்கும்போதே பந்து எந்த மூலைக்கு வரும் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அப்பேர்ப்பட்டவள் போன வருஷ ஃபைனலில், டை பிரேக்கரில், ஒரு பந்தைக்கூடத் தொடவில்லை. கட்டிப்போட்ட மாதிரி நின்றாள் என்று பிள்ளைகள் சொன்னார்கள். தோற்றோம். மறுவாரத்திலிருந்து பிராக்டீஸுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். நான் அவள் வீட்டு வாசலுக்கு நடையாய் நடந்தேன். அவளுடைய அம்மா பூங்காவனம் காபி கொடுத்து, "தூக்கத்துலகூட அயுவுது டீச்சர்" என்பாள். கடைசியில் ஒரு நாள் அகல்யாவே வந்து நின்றாள்.

"வரேன் டீச்சர். ஆனா இன்னொரு தபா டை பிரேக்கர்ல இப்டி ஆச்சின்னா, கிளவுஸக் கயட்டி உங்க கையில குடுத்துட்டுப் போய்கினே இருப்பேன். அப்பாலிக்கா ஊட்டாண்ட வந்து கூப்புடக் கூடாது."

சொன்னால் செய்கிற பெண். சரி என்றேன், வேறு என்ன சொல்ல?

அவளோடு அந்தப் பழமும் வந்து சேர்ந்தது. ஒவ்வொரு மேட்சுக்கும் காலையில் தெரு அம்மன் கோயிலுக்குப் போய், சூலத்தில் குத்திய எலுமிச்சம்பழம் ஒன்றை வாங்கி வருவாள். குங்குமத்தைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு வந்து, வலைக்குள் இடது போஸ்ட் ஓரமாக வைப்பாள். பாதி ஆட்டம் முடிந்து பக்கம் மாறும்போது பழமும் அவளோடு பக்கம் மாறும். "பந்தப் பாருடி, பழத்தப் பாக்காத!" என்று கத்தாத நாள் இல்லை. அவள் பழத்தை இன்னும் கொஞ்சம் போஸ்ட் ஓரமாக நகர்த்தி வைப்பாள். இந்த சீசனில் நாங்கள் ஒரு மேட்சும் தோற்காததால் மற்ற பெண்களும் பழத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு ஆட ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு வந்த எரிச்சலைக் கேட்கவா வேண்டும்.

இந்த வருஷமும் ஃபைனலுக்கு வந்துவிட்டோம். ஆவடிப் பக்கம் ஒரு மைதானம். எதிரே, போன வருஷ ஃபைனலில் எங்களைத் தோற்கடித்த அதே திருநின்றவூர் அணி.

இங்கே என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பெயர் ஜம்புலிங்கம். எஸ்டேட்டில் டிபன் கடை வைத்திருக்கிறார். பாதி ஆட்டத்தில் பிள்ளைகளுக்கு லெமன் ஜூஸ் போட்டுக் கொடுப்பது அவர் இலாகா. பெரிய எவர்சில்வர் வாளி, உப்பு, சர்க்கரை, ஐஸ். நல்ல மனுஷன்தான். ஆனால் கையில் ஒரு கரண்டி இருந்தால் உலகமே அவருக்குச் சமையற்கட்டு.

பாதி ஆட்டம் முடிந்தபோது ஆளுக்கு ஒரு கோல். பிள்ளைகள் பாயில் வந்து விழுந்தார்கள். அகல்யா கிளவுஸைக் கழற்றி வைத்து, அதன்மேல் பழத்தை வைத்துவிட்டு முகம் கழுவப் போனாள். நான் எங்கள் கேப்டன் ரேஷ்மாவுக்கும் பவித்ராவுக்கும் மிட்ஃபீல்டில் யார் யாரைப் பிடிக்க வேண்டும் என்று மண்ணில் கோடு போட்டுக் காட்டிக்கொண்டிருந்தேன். எல்லோரும் ஜூஸ் குடித்தார்கள். நானும் குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது. விசில் ஊத இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. அப்போது அகல்யாவின் குரல் கேட்டது.

"என் பயம் எங்க?" எங்கள் பக்கத்துப் பேச்சில் பழம் என்பது பயம்தான்.

பாயை உதறினார்கள். பையைக் கவிழ்த்தார்கள். எனக்கு என்னவோ தோன்றி வாளிப் பக்கம் திரும்பினேன். ஜம்புலிங்கம் கையில் கரண்டியோடு, பேயறைந்த மாதிரி நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் போனேன்.

"யோவ், இன்னாய்யா பண்ண?"

"புளிப்புப் பத்தல மங்களம்" என்றார், வாய்க்குள்ளேயே. "கிளவுஸ் மேல ஒரு பயம் கெடந்துச்சு. தனியா இன்னாத்துக்குக் கெடக்குதுன்னு அதையும் சேத்துப் புழிஞ்சிட்டேன்."

அடப்பாவி மனுஷா! அம்மன் சூலத்தில் இருந்த பழத்தைப் பதினைந்து பேர் குடித்து, டம்ளரையும் கழுவி வைத்தாகிவிட்டது. பழத்தை நம்பாதவள் நான். ஆனால் அதை நம்புகிறவள் இன்னும் ஒரு பாதி ஆட்டத்துக்குப் போஸ்டுக்கு நடுவில் நிற்க வேண்டுமே! கெட்டது குடி என்று நினைத்துக்கொண்டேன்.

"பழம் என் பையில பத்திரமா கீதுடி" என்று கத்தினேன். "மெதிச்சிடப் போறாங்கன்னு எடுத்து வெச்சேன். என்கிட்டயே இருக்கட்டும். நீ போய் நில்லு."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். போய் நின்றாள்.

இரண்டாவது பாதி முழுக்க நான் ஆட்டத்தைப் பார்த்த மாதிரியே இல்லை. என் பையைத்தான் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். உள்ளே ஒரு பழைய துண்டும் ஸ்பிரே டப்பாவும்தான் இருந்தன. சீக்கிரம் ஒரு கோல் போட்டு முடித்துவிடுங்களேன் என்று என் பிள்ளைகளை மனசுக்குள் கெஞ்சினேன். போடவில்லை. அவர்களும் போடவில்லை. ரெஃப்ரி நீளமாக விசில் ஊதினார். டை பிரேக்கர்.

அகல்யா நேராக என்னிடம் வந்து கையை நீட்டினாள். "பயத்தக் குடுங்க டீச்சர்."

பக்கத்து ஜூஸ் கடைக்கு ஆள் அனுப்பி வேறொரு பழம் வாங்கியிருக்கலாம். ஒரு நொடி அந்தப் புத்தியும் வந்தது. ஆனால் அவள் நீட்டிய கையில் பொய்ப் பழம் வைக்க எனக்கு மனசு வரவில்லை.

"இல்லடி" என்றேன். "ஜூஸ்ல போயிடுச்சி. தெரியாத்தனமா புழிஞ்சிட்டாரு. எல்லாரும் குடிச்சிட்டோம். நான் சொன்னது பொய்."

ஜம்புலிங்கம் வாளிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளப் பார்த்தார். அவர் உடம்புக்கு அந்த வாளி போதவில்லை. அகல்யாவின் முகம் சுருங்கியது. அழப்போகிறாள், கிளவுஸைக் கழற்றப்போகிறாள் என்று நினைத்தேன். என் கண்ணும் கலங்கிவிட்டது.

ரேஷ்மாதான் முதலில் வாயைத் திறந்தாள். "அதான் அந்தப் புளி புளிச்சிதா? ஐயய்ய, நானு ரெண்டு கிளாஸ் குடிச்சேன் மச்சி!"

பவித்ராவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அவளைப் பார்த்து இன்னொருத்தி. கடைசியில் அகல்யாவே, கண்ணில் தண்ணீரோடு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அண்ணாத்தே, ஆத்தா உன்னச் சும்மா உடமாட்டா!" என்றாள். ஜம்புலிங்கம் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அப்புறம் என் பக்கம் திரும்பினாள். சிரிப்பு போய்விட்டிருந்தது.

"பயம் போனா போவட்டும் டீச்சர். நீங்க ஒண்ணு செய்யணும்."

"சொல்லுடி."

"திரும்பி நிக்கக் கூடாது."

எனக்குப் புரியவில்லை. புரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன் என்பதுதான் சரி.

"போன வருசம் ஒவ்வொரு பந்துக்கும் முன்னாடி உங்களப் பாத்தேன். உங்க முதுகுதான் தெரிஞ்சிது. டீச்சரே பாக்கலியே, நான் புடிக்க மாட்டேன்னு அவங்களுக்கே தெரிஞ்சிபோச்சின்னு நெனச்சேன். கை வரல டீச்சர். யாராச்சும் ஒருத்தர் என் பக்கம் இருக்கணும்னுதான் கோயில்லேர்ந்து பயம் எடுத்துகினு வந்தேன்."

சொல்லிவிட்டுப் போஸ்டைப் பார்த்து நடந்துவிட்டாள். என்னை யாரோ பளாரென்று அறைந்த மாதிரி இருந்தது. ஒரு வருஷமாக அந்தப் பழத்தைத் திட்டித் தீர்த்தவள் நான். அது என் முதுகுக்குப் பதிலாக வந்த பழம் என்று எனக்கு எப்படித் தெரியும்?

இந்தப் போட்டியில் ஒரு அணி ஐந்தையும் அடித்து முடித்த பிறகுதான் அடுத்த அணி; முதலில் நாங்கள் அடித்தோம். பவித்ரா மட்டும் கிராஸ் பாரில் அடித்து வீணாக்கினாள். மற்ற நாலும் கோல். எங்கள் பிள்ளைகள் அடிக்கும்போது பார்ப்பது ஒன்றும் பெரிய காரியமில்லை. எதிரணி வந்து பந்தை வைத்தபோதுதான் என் கால் தானாகச் சுவர்ப் பக்கம் திரும்பியது. அகல்யா என்னைப் பார்த்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு நேரே நின்றேன்.

முதல் பந்து, கோல்.

'பார்த்தியா, பார்த்தியா, நீ பார்த்ததால்தான்' என்று உள்ளே ஒரு குரல். இரண்டாவது பந்தும் கோல். இது பெரிய பாவம், அந்தப் பெண்ணை நானே கவிழ்க்கிறேன், திரும்பிவிடலாம் என்று தோளைத் திருப்பினேன். இரண்டு கை வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டது. ஜம்புலிங்கம்.

"நில்லு மங்களம். கோல் உழுந்தா உழுவட்டும். அந்தப் புள்ள உன்னத்தான் பாக்குது."

உண்மைதான். வலைக்குள்ளிருந்து பந்தை எடுத்துப் போட்டுவிட்டு அவள் என்னைத்தான் பார்த்தாள். நான் அங்கேயே, அவளைப் பார்த்தபடி இருந்தேன். அவள் தோள் இறங்கியது. மூச்சை விட்டாள். போன வருஷம் கட்டிப்போட்டது போல நின்றவள், இப்போது கோட்டின்மேல் இப்படியும் அப்படியும் குதித்தாள். இந்தப் பெண்ணின் முகத்தை இப்படிப்பட்ட நேரத்தில் நான் பார்த்ததே இல்லை என்று அப்போதுதான் உறைத்தது.

மூன்றாவது பந்தைத் திருநின்றவூர்க்காரி வானத்துக்கு அடித்தாள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே! நாலாவது கோல். எங்களுக்கு நாலு, அவர்களுக்கு மூன்று, இன்னும் ஒரே ஒரு பந்து. இதைத் தடுத்தால் ஜெயித்தோம். அடிக்க வந்தவள் அவர்கள் அணியிலேயே நெட்டை. போன வருஷம் கடைசிக் கோல் போட்டவளும் அவள்தான்.

அகல்யா என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். கண் சிமிட்டக்கூட பயமாக இருந்தது.

நெட்டை ஓடி வந்தாள். அடித்தாள். பந்து தரையோடு தரையாக மூலைக்குப் போயிற்று. அகல்யா அதற்கு முன்பே கிளம்பிவிட்டிருந்தாள். உடம்பு நீண்டது. பந்து ஏதோ ஒன்றில் பட்டு, போஸ்டை உரசி, வெளியே உருண்டது.

யார் கத்தினார்கள், யார் யார்மேல் விழுந்தார்கள் என்று தெரியாது. நான் மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு வருஷமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது எழுந்து போயேவிட்டது. ஜம்புலிங்கம் மிச்ச ஜூஸைத் தன் தலையிலேயே ஊற்றிக்கொண்டார். "ஆத்தா பிரசாதம்டி, வேஸ்ட் பண்ணக் கூடாது" என்று விளக்கம் வேறு.

கூட்டத்திலிருந்து பிய்த்துக்கொண்டு அகல்யா என்னிடம் வந்தாள். உடம்பெல்லாம் செம்மண். சந்தோஷமாக வருவாள் என்று பார்த்தால், சந்தேகத்தோடு வந்து நின்றாள்.

"கண்ண மூடிக்கினீங்களா?"

"இல்லடி."

"சாமி சத்தியமா?"

"பழத்துமேல சத்தியமா."

"அப்ப எந்தக் கையில தடுத்தேன், சொல்லுங்க பாப்போம்."

"எடது கை" என்றேன். "கைகூட இல்ல. சுண்டுவிரல். நுனி பட்டுச்சு, பந்து திரும்பிடுச்சு."

அவள் தன் இடது கையைத் தூக்கிப் பார்த்தாள். கிளவுஸின் சுண்டுவிரல் நுனி கிழிந்திருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் அழ ஆரம்பித்தாள். கிளவுஸைக் கழற்றாமலே என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.