ஆளுக்குப் பாதி

“எச்சில் தொட்டுத்தான் தேய்க்கணுமா?”

“உன் வாயில இருந்து வர்றது பூட்ஸுக்கு நல்லதுன்னு யாருடி சொன்னா? தண்ணி போதும். ஒரு சொட்டு.”

பஞ்சை விரல் நுனியில் சுற்றிக் காட்டினேன். கொக்கு என்று நான் பட்டப்பெயர் வைத்திருந்த தோழி தன் நீளக் கழுத்தை வளைத்துப் பார்த்தாள். காலையில்தான் ராணுவப் பயிற்சி முடிந்து, அணிவகுப்பில் உறுதிமொழி எடுத்திருந்தோம். வந்திருந்த பெற்றோர்கள் படம் பிடித்து, கொஞ்சம் அழுது, கிளம்பியும் விட்டார்கள். சாயங்காலம் இரண்டு வண்டிகள் வரும். ஒன்று என்னை ரேடியோப் பிரிவுக்கு அழைத்துப்போகும். மற்றது அவளை லாரி ஓட்டப் பழக்கும் முகாமுக்கு.

எங்கள் கட்டில்கள் அடுத்தடுத்து இருந்தன. முதல் வாரத்திலேயே ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம்: இரண்டு ஜோடி பூட்ஸும் என் பாடு, இரண்டு சீருடைக்கும் இஸ்திரி அவள் பாடு. டிரில் மாஸ்டரம்மா எங்களிடம் குறை தேடித் தேடி அலுத்துப்போவார். அறிவிப்புப் பலகையில் வெவ்வேறு பிரிவைப் பார்த்தபோதுதான் எங்களுக்கு உறைத்தது, ஆளுக்குப் பாதிச் சிப்பாய்தான் ஆகியிருக்கிறோம் என்று. புது இடத்திலோ நாளைக் காலையே சீருடை, பூட்ஸ் பரிசோதனை.

அதனால் இந்த அவசரப் பள்ளிக்கூடம். அடுத்து என் முறை. என் சட்டையை மேசையில் விரித்துத் தண்ணீர் தெளித்தேன். அதன் கையை மடித்து இஸ்திரி தேய்த்துத் தூக்கிக் காட்டினேன். ஒரு மடிப்பு விழவேண்டிய இடத்தில் இரண்டு.

“தண்டவாளம் போட்டிருக்க,” என்றாள் கொக்கு. “ரயில் எப்ப வரும்?”

அவள் லாரி ஓட்டப்போகும் ஊரில் உள்ளவர்களை நினைத்தால் பாவமாக இருப்பதாகச் சொன்னேன். என் குரலை ரேடியோவில் கேட்டால் எதிரிகூட இஸ்திரி போட்டுத் தருவான் என்று அவள் பதில் வைத்திருந்தாள். மெத்தைகள் சுருட்டப்பட்ட அந்த நீள அறையில் வெயில் வெற்றுக் கட்டில்களின் மேல் படுத்திருந்தது. பயிற்சி நாட்களில் அங்கே வெயிலை நின்று பார்க்க எங்களுக்கு நேரம் இருந்ததே இல்லை. தொலைதூரத்து மலையொன்றில் உட்கார்ந்து, காதில் கருவியோடு, யாரோ பேசக் காத்திருக்கும் என்னை நினைத்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. அந்த நினைப்பிலேயே தேய்த்ததில் ஒற்றை மடிப்பு விழுந்துவிட்டது. கத்தி மாதிரி நின்றது.

கொக்குவுக்குத்தான் கை வரவில்லை. நேற்றுவரை கண்ணாடிபோல ஜன்னல் தெரிந்த அவளுடைய பூட்ஸ் முனை, பழகுகிறேன் என்று அவள் தேய்த்த தேய்ப்பில் பானை அடிபோல மங்கிக் கிடந்தது. மறுபடி பளபளப்பாக்க ஒரு ராத்திரியாவது வேண்டும். அது எனக்கு முடியும், அவளுக்கு முடியாது.

வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. அவளுடைய வண்டிதான் முதலில்.

பையை மாட்டிக்கொண்டு எழுந்தவள் தன் பூட்ஸைக் கையில் வைத்துக்கொண்டு என் பூட்ஸையே பார்த்தாள். பூட்ஸ் கொடுத்த முதல் நாளே ஸ்டோர் ஆள் அவளைப் பார்த்து, இந்த உயரத்துக்கு இந்தப் பாதமா என்று சிரித்திருந்தார். எங்கள் இருவருக்கும் ஒரே அளவு.

“உன் காலுக்குப் பழகின ஜோடின்னு தெரியும்,” என்றாள் மெல்ல. “இருந்தாலும் கேக்கறேன். இதை நீ வெச்சுக்கிட்டு, அதை எனக்குத் தரியாடி?”