நோயலுக்குக் கட்டிய பேனர்

1

இந்தக் கதை ஒரு கண்ணீர் அஞ்சலி பேனரிலிருந்து வந்தது. இறந்தவர் என் கணவர். 'நான்' என்று எழுதினால் நாலாவது வரியில் வசவு வந்துவிடுகிறது. ஆகவே அவள் பெயர் லீனா. அவர் பெயர் நோயல்.

தொடக்கம்: 'பெங்களூர் மர்பி டவுன் முனையில் காலை வெயில் இதமாக—'

இல்லை. இதமாக ஒன்றும் இல்லை.

2

நோயலின் தாத்தாவை வடார்க்காட்டிலிருந்து கோலார் சுரங்கத்தில் கொண்டுவந்து இறக்கியது வெள்ளைக்காரக் கம்பெனி. தங்கம் லண்டனுக்குப் போயிற்று. தூசி அவர் நெஞ்சோடு நின்றது. (இங்கே 'சாம்ராஜ்யம்' என்று போட்டுப் பார்த்தேன். கட்டுரை வாடை அடித்தது.)

நோயல் பெங்களூரில் பஸ் ஓட்டினார். கன்னடத்தில்தான் சண்டை போடுவார். ஜெபம் மட்டும் தமிழ்.

3

அடக்கம் முடிந்த மறுநாள், அவருடைய பழைய கண்டக்டர் கிருஷ்ணப்பா வந்தார்.

"லீனாம்மா, கன்னடச் சங்கத்துப் பசங்க வந்தாங்க. பேனர்ல கன்னடம் மேல இல்லையாம்.* சாயங்காலத்துக்குள்ள எடுக்கணுமாம். இல்லன்னா மசி பூசுவாங்களாம்."

"நீ என்ன சொன்னண்ணா?"

"'நம்மவனே கண்ரோ'ன்னு கன்னடத்துலயே சொன்னேன். நம்மவன்னா ஏன் தமிழ்ல செத்தான்னு கேக்கறாங்க."

"பூசட்டும். அந்த மனுஷன் ஏற்கெனவே கருப்பு. மசி தெரியவா போகுது?"

வேலூரிலிருந்து நோயலின் சித்தப்பா மகன் பாலகுமார் போன் செய்தான். "பேசாம நம்ம ஊருக்கே வந்துடுங்க அண்ணி."

"நம்ம ஊரா? உன் கல்யாணப் பந்தியில 'கன்னடக்காரங்களுக்கு இன்னும் சோறு போடு'ன்னு சிரிச்சது யாருடா?"

போன் வைக்கப்பட்டது.

* இருந்தது, கீழே. பிணத்தை வீட்டில் வைத்துக்கொண்டு மேலே எது கீழே எது என்று அவள் பார்க்கவில்லை.

4

முடிவு ஒன்று: கிருஷ்ணப்பா மேலே ஒரு கன்னட வரி ஒட்டுகிறார். எல்லோரும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். (பரிசு கிடைக்கும். வேண்டாம்.)

முடிவு இரண்டு: மசி, கல், டிவி. ஏதோ ஒரு கட்சிக்கு நோயல் தியாகியா— தூ.

நடந்தது வரை சொல்கிறேன். லீனா நாற்காலியைத் தூக்கிப்போய் பேனருக்குக் கீழே போட்டு உட்கார்ந்தாள். கிருஷ்ணப்பா டீ வாங்கிவந்து பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"எழுந்து போண்ணா. உன் ஊர்க்காரங்க உன்னையும் திட்டுவாங்க."

"என் ஊரா? இவன் ஓட்டின பஸ்லதாம்மா நான் இந்த ஊரையே பார்த்தேன். சும்மா குடி."

முனையில் பைக்குகள் வந்து நின்றன.

இதற்கு மேல் நான் எழுத மாட்டேன். நீங்கள் எழுதுங்கள், சமாதானமோ ரத்தமோ, உங்கள் இஷ்டம். அவளை எழுந்து நின்று 'நாங்களும் இந்த ஊர்தான்' என்று சொல்ல மட்டும் வைக்காதீர்கள். மூன்று தலைமுறையாகச் சொல்லியாயிற்று.