ஒரே நீலம்

நீலத்தை நோக்கி நடந்து போகிறார் அப்பா, கையில் பாதி குடித்த டீ டம்ளர், கடற்காற்றில் வேட்டி படபடக்கிறது, தரங்கம்பாடிக் கோட்டைச் சுவருக்கு முன்னால் நிற்கிற ஆறு பேரின் நீலத்தை நோக்கி, சொந்த வீட்டுக்குள் நுழைகிறவரின் நிம்மதியோடு, போய், நடுவில் நின்று, தோளை நிமிர்த்திச் சிரிக்கிறார், அந்தச் சிரிப்புக்காகத்தான் மூன்று மாதம் பாடுபட்டேன், ஆனால் அவர் போய் நின்றது எங்கள் நடுவில் இல்லை, நாங்கள் இருபதடி தள்ளி அதே நீலத்தில் நின்றுகொண்டிருந்தோம், நானும், அம்மாவும், தம்பி மயிலானந்தனும், அவன் மனைவி சுகந்தியும், போட்டோகிராபர் யாரும் பேசாதீங்க, அசையாதீங்க, வெளிச்சம் பார்க்கணும் என்று சொல்லியிருந்ததால் வாயை மூடிக்கொண்டு, அலை இரைச்சலுக்குள், அப்பா வேறொரு குடும்பத்தோடு சேர்ந்து நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தோம், அந்த வருஷம் அந்த நீலம்தான் எல்லோருக்கும் பிடித்திருந்தது, கும்பகோணத்துப் பக்கமிருந்து வந்த நல்ல மனிதர்கள், பெரியவர் விளையாடுகிறார் என்று நினைத்து நகர்ந்து இடம்கூட விட்டார்கள்.

சாயம் என் தொழில், திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையின் லேபில் பதினாறு வருஷமாக ஷேடு பார்க்கிறேன், வாங்குகிறவர்கள் அனுப்பும் துண்டுத் துணியின் நிறத்தை அப்படியே எங்கள் துணியில் கொண்டுவருவது, கேட்க எளிது, ஆனால் நிறம் துணியில் மட்டும் இல்லை, மேலே விழுகிற வெளிச்சத்திலும் பாதி இருக்கிறது, இரண்டு துணியைச் சாயக் கலவை வேறுவேறாக வைத்து டியூப்லைட் அடியில் அச்சு அசலாக ஒன்றாக்கிவிடலாம், வெயிலுக்கு எடுத்துப் போனால் ஒன்று பச்சைக்குச் சாயும், ஒன்று சிவப்புக்கு, அதனால்தான் லேபில் ஒரு பெட்டிக்குள் நாலு விதமான விளக்கு வைத்து மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்போம், பருத்தி சாயத்தைக் குடிக்கும், பட்டு பளபளப்பில் ஏமாற்றும், பாலியஸ்டர் வேறு சாயமே கேட்கும், இதெல்லாம் தெரிந்தவள் என்பதால் குடும்பப் படத்துக்குத் துணி எடுக்கும் வேலையை யாரிடமும் விடவில்லை, கோட்டைச் சுவர் வெளிறிய மஞ்சள், அதற்கு முன்னால் நீலம்தான் நிற்கும், வெள்ளைத் துணியாக வாங்கி, அப்பாவின் சட்டை, மயிலின் சட்டை, சுகந்தியின் சுடிதார், அம்மாவுக்கும் எனக்கும் சேலை, எல்லாவற்றையும் பருத்தியிலேயே எடுத்து, ஒரே பானையில், ஒரே ஓட்டத்தில், நானே முக்கி எடுத்தேன்.

ஏன் அவ்வளவு அவசரம் என்றால் சித்திரையில் அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்திருந்தது, மூளையின் பின்பக்கத்தில் சின்ன அடைப்பு, கை கால் தப்பித்தது, பேச்சு தப்பித்தது, மறுபடி வரலாம், வந்தால் இப்படி லேசாக இருக்காது, என்று டாக்டர் ஸ்கேனை விளக்குக்கு எதிரே பிடித்துச் சொன்னபோது நான் அந்தச் சாம்பல் நிறங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன், எங்கள் வீட்டில் ஐந்து பேரும் சேர்ந்த படம் ஒன்றுகூட இல்லை, யாராவது ஒருவர் எடுக்கிறவராகவோ ஊரில் இல்லாதவராகவோ இருந்திருக்கிறோம், அடுத்தது வருவதற்குள் ஒன்று வேண்டும், அப்பா எங்கள் நடுவில், எங்களைத் தெரிந்து, சிரித்தபடி.

டூருக்குப் போகிறோம், எல்லோருக்கும் ஒரே நீலம் என்று சொன்ன அன்று அவர் டீயைக் கீழே வைத்துவிட்டு, எல்லாருமா என்றார், எல்லாரும்தான்ப்பா என்றேன், ஆளுக்கொரு கலரு கட்டுனா என்ன கண்ணு என்றார், நான் உற்சாகமாக அரைமணி நேரம் விளக்கினேன், கண் முதலில் நிறத்தைத்தான் பார்க்கும், ஆளுக்கொரு நிறமென்றால் கண் துணியிலிருந்து துணிக்குத் தாவும், முகத்துக்கு வராது, எல்லாம் ஒரே நிறமென்றால் துணி பின்னால் போய்விடும், முகம் மட்டும் முன்னால் வரும், அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார், நான் எதை விளக்கினாலும் அப்படித்தான் கேட்பார், முகம் மட்டுந்தானா என்று கடைசியில் ஒருமுறை கேட்டார், ஆமாப்பா என்றேன், எவ்வளவு பெருமையாகச் சொன்னேன். அம்மாதான் முரண்டு பிடித்தாள், எனக்கு இந்த அரக்கே போதுஞ்சாமி, உன்ற நீலம் எனக்கெதுக்கு என்று, சித்திரையிலிருந்து அவள் அரக்குச் சிவப்பைத் தவிர வேறெதுவும் கட்டவில்லை, ஒரே அரக்கில் ஆறு சேலை வாங்கி மடித்து வைத்திருந்தாள், ஏதோ வேண்டுதல் என்று நினைத்தோம், நான் கெஞ்சி, கோபித்து, சாப்பிடாமல் இருந்து அவளைச் சம்மதிக்க வைத்தேன்.

அப்பா, அங்க எங்க போறீங்க என்று மயில் கத்தியதும் அவருடைய முகம் குரல் வந்த பக்கம் திரும்பியது, அந்தக் குடும்பத்துக்கும் எங்களுக்கும் நடுவே அவர் கண் ஒவ்வொருவராகத் தாண்டித் தாண்டிப் போனதைப் பார்த்தேன், அந்தப் பார்வை எனக்குத் தெரியும், அப்பா முப்பத்தோரு வருஷம் கண்டக்டர், தாராபுரம் பஸ்ஸில் பின்படியில் நின்று ஆளை எண்ணும் பார்வை அது, தெரியும்டா, சும்மா வெளையாட்டுக்கு என்று சிரித்துக்கொண்டே எங்களிடம் வந்தார், ஆனால் வலது கை நெஞ்சில் எதையோ தேடியது, டிக்கெட் பையின் வார் தொங்கிய இடம். சுகந்தியைப் பார்த்து, என்னைக் கேட்பதுபோல, உங்கம்மா எங்க என்றார், அவள் மாமா, அத்தை இங்கதானே நிக்கறாங்க என்றாள், அம்மா கடலைப் பார்த்தாள்.

வெயில் ஏறுது, தலை சுத்துது அவருக்கு, என்று நானே சொல்லி, கோட்டைச் சுவரின் நிழலுக்கு அவரைக் கூட்டிப்போனேன், என்னப்பா என்றேன், அவர் சுற்றிலும் பார்த்தார், யாருமில்லை என்று உறுதியான பிறகு சொன்னார், நான் சட்டையத்தான் பாக்கறன் கண்ணு, மூஞ்சியெல்லாம் ஈரத்துணியில தொடச்ச பலகையாட்டம் இருக்குது.

சித்திரையிலிருந்தாப்பா?

சித்திரையிலிருந்து. உங்கம்மாளுக்குத் தெரிய வேண்டாஞ்சாமி, நாப்பத்தாறு வருசம், அவ மூஞ்சியே தெரியிலீன்னு எப்படிச் சொல்றது.

சின்ன வயதில் பஸ்ஸில் டிரைவருக்குப் பின்சீட்டில் என்னை உட்காரவைத்து அவர் சொல்லித்தந்தது ஞாபகம் வந்தது, அறுபது பேர் ஏறியிருக்கிற கூட்டத்தில் யார் டிக்கெட் வாங்கவில்லை என்று எப்படிப்பா தெரியும் என்று கேட்டிருந்தேன், மூஞ்சியப் பாக்கக் கூடாது கண்ணு, மூஞ்சி ஜன்னல் பக்கம் திரும்பிக்கும், தூங்கறாப்பல நடிக்கும், சட்டைக்கு நடிக்கத் தெரியாது, ஏறும்போதே சட்டையை மனசுல போட்டுக்கோணும், பச்சைச் சட்டை வாங்கியாச்சு, கோடு போட்ட சட்டை இன்னும் இல்லை, இப்படி. அந்த வித்தையை வைத்துக்கொண்டுதான் ஐந்து மாதம் எங்களுக்கு நடுவே வாழ்ந்திருக்கிறார், தினமும் காலையில் இன்னைக்கு என்ன சேலை கண்ணு என்று கேட்பார், அப்பாவுக்கு என் நிறங்கள் மேல் எவ்வளவு ஆசை என்று லேபில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன், அவர் அன்றைக்கு என்னைத் தொலைக்காமல் இருக்க ஒரு அடையாளம் வாங்கிக்கொண்டிருந்திருக்கிறார். பிறகு டாக்டரிடம் தனியாகப் போய்க் கேட்டபோது, முகத்தைச் சேர்த்துப் பார்க்க மூளையில் தனி இடம் உண்டு, கண்ணு தெரியும், மூக்கு தெரியும், வாய் தெரியும், இதெல்லாம் சேர்ந்து இன்னார் என்பது மட்டும் வராது, குரலுக்கு வேறு இடம், அதனால் பேசினால் தெரிந்துவிடும் என்றார், எனக்குச் சட்டென்று புரிந்தது, நூலெல்லாம் இருக்கிறது, துணியாக மட்டும் சேரவில்லை, நான்தான் கடைசியாக இருந்த நூலையும் உருவி நீலத்தில் முக்கியிருக்கிறேன்.

கோட்டை நிழலிலிருந்து திரும்பி வந்து, ஷேடு மேட்ச் ஆகல, எல்லோரும் லாட்ஜுக்குப் போய் அவரவர் துணியை மாற்றிக்கொண்டு வாங்க என்றேன், மயில் என்னையே பார்த்தான், ஏக்கா, மூணு மாசமா எங்க உசுர வாங்கிட்டு இப்ப மேட்ச் ஆகுலீங்கறயா, ஒரே பானையில முக்குனேன்னு நீதான சொன்ன, நான் வெயில், டியூப்லைட், பச்சைக்குச் சாயும் சிவப்புக்குச் சாயும் என்று அவனுக்கு விளக்கினேன், வாழ்க்கையில் முதல்முறையாக எனக்குத் தெரிந்த ஒன்றைப் பொய்யாகச் சொன்னேன், லூசு என்றான், சுகந்தி சிரித்தாள், அம்மா மட்டும் எல்லோருக்கும் முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். அந்தப் படம் என்னிடம் இருக்கிறது, அரக்குச் சேலையில் அம்மா, கட்டம் போட்ட சட்டையில் மயில், கிளிப்பச்சையில் சுகந்தி, கடுகு மஞ்சளில் நான், நிறத்துக்கு நிறம் அடித்துக்கொள்கிற, நான் பாஸ் போடவே மாட்டாத படம், அப்பா கேமராவைப் பார்க்கவில்லை, எங்களை எண்ணிக்கொண்டிருக்கிறார், எண்ணிக்கை சரியாக இருக்கிறது.

அதற்குப் பிறகு ஒன்பது மாதம் நான் வீட்டில் கடுகு மஞ்சளை விடவில்லை, துவைக்கத் துவைக்க வெளுத்தது, வெளுத்தால் நான் வேறு யாரோ ஆகிவிடுவேன், முந்தானை ஓரத்தில் ஒரு துண்டு வெட்டி வெளிச்சம் படாத உறைக்குள் வைத்திருந்தேன், மாதம் ஒருமுறை அந்தத் துண்டோடு ஒப்பிட்டுச் சேலையை மறுபடி முக்குவேன், துணி வாங்கும் வெளிநாட்டுக்காரனுக்குக்கூட அவ்வளவு துல்லியமாகப் பார்த்ததில்லை, அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்ப்பாள், எதற்கு என்று ஒருநாளும் கேட்கவில்லை.

இன்று காலை அப்பா விழுந்தார், மயில் போன் செய்தபோது நான் லேபில் இருந்தேன், வெள்ளைக் கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு அப்படியே ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தேன், சாயங்காலம் நாலு மணிக்கு ரெண்டு பேர் மட்டும் உள்ளே வரலாம் என்றார்கள், தீவிரசிகிச்சைப் பிரிவின் வாசலில் நர்ஸ் ஆளுக்கொரு அங்கியை நீட்டுகிறாள், கழுத்திலிருந்து கணுக்கால்வரை மூடுகிற அங்கி, முகத்துக்கு மாஸ்க், அங்கியை விரிக்கிறேன், நீலம், என் கண்ணுக்குத் தெரியும், அதே நீலமில்லை, கொஞ்சம் பச்சைக்குச் சாய்கிறது, ஆனாலும் நீலம், நர்ஸ் நீலம், டாக்டர் நீலம், அம்மா நீலம், நான் நீலம், மிஷின் சத்தம் அலைபோல ஏறி இறங்குகிறது, காதுல விழுதா இல்லியான்னு இன்னும் தெரியாது, பேசிப் பாருங்க என்கிறாள் நர்ஸ், அப்பாவின் கண் திறந்திருக்கிறது, ஆக்சிஜன் மாஸ்க்குக்கு மேலே அது ஒரு நீலத்திலிருந்து இன்னொரு நீலத்துக்குத் தாண்டித் தாண்டிப் போகிறது, கூட்டத்தில் ஒருவர்கூடத் தெரியாத கண்டக்டராக, கை நெஞ்சில் வாரைத் தேடுகிறது.

அம்மா குனிகிறாள், அங்கியின் கீழ்ப்பக்கம் கையை விட்டு, முந்தானையின் நுனியை உருவி வெளியே எடுத்து, அரக்கு, அந்த நீலத்துக்கு நடுவில் எரிகிறதுபோல இருக்கிறது, அதை அப்பாவின் கையில் வைத்து விரல்களை ஒவ்வொன்றாக மடக்குகிறாள், நாந்தானுங்க, என்கிறாள், அப்பாவின் கண் அலைவதை நிறுத்துகிறது. பிறகு அம்மா என்னைத் திரும்பிப் பார்க்காமலே, கடுகு மஞ்சளக் கட்டிட்டு வருலியா கண்ணு, என்கிறாள்.

இல்லை, நான் கட்டிக்கொண்டு வரவில்லை, அங்கிக்குள் இருப்பது லேபுக்குப் போட்டுப்போகிற ஏதோ ஒரு சுடிதார், அது என்ன நிறம் என்று எனக்கே நினைவில்லை, அரக்கைப் பிடித்தபடி அப்பாவின் கண் என் பக்கம் வருகிறது, முகத்தில் நிற்காமல் கீழே இறங்கி நீலத்தில் நிற்கிறது, டிக்கெட் வாங்காத ஆளைப் பார்க்கிற பார்வை, கோபமில்லாமல், காத்திருக்கிற பார்வை, நான் அவர் காதுக்குப் பக்கத்தில் மண்டியிடுகிறேன், அப்பா, கடுகு மஞ்சள்ப்பா, என்கிறேன், கடுகு மஞ்சள், இங்கதான் ஏறியிருக்கேன், அவருடைய இடது கைக் கட்டைவிரல் ஆள்காட்டி விரலின் மேல் மெல்ல நகர்கிறது, ஒரு டிக்கெட்டைக் கிழிப்பதுபோல, அல்லது கிழிக்க வராமல் வழுக்குவதுபோல, நான் கையை நீட்டிக்கொண்டே இருக்கிறேன்.