பீரங்கி படி தாண்டிய நாள்

“மாட்டிடுச்சு, மாட்டிடுச்சு! கையை எடுடி!” என்று அண்ணன் கட்டிலிலிருந்து கத்தினான். மூக்கில் ஆக்சிஜன் குழாயை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் எவ்வளவு கத்த முடியுமோ அவ்வளவு. தரையில் குப்புறப் படுத்திருந்த தங்கை, லாரியின் பின்கொக்கியில் பீரங்கியை மாட்டிவிட்டுக் கையை எடுத்தாள்.

முழங்கை நீள ரிமோட் லாரி அவனுடையது. அது இழுத்துப் போவதற்கான பீரங்கியை இருவரும் சேர்ந்து ஏழு மாதமாகச் செய்தார்கள். பல் செட்டு செய்யும் இடத்தில் வேலை பார்ப்பவள் அவள். பல் அச்செடுக்கும் ரப்பரிலேயே டயர் வார்த்தாள். கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவன் அவன். பித்தளையைக் கடைந்து பீரங்கிக் குழாய் செய்தான். ஐம்பது வயதுக்கு மேல் ஒரே வீட்டில் வாழும் அண்ணன் தங்கை, வேறு எந்த விஷயத்திலும் இவ்வளவு ஒற்றுமையாக இருந்ததில்லை.

இதயம் இனி அதிக நாள் தாங்காது என்று சொல்லித்தான் டாக்டர் வீட்டுக்கு அனுப்பினார். “அதிக நாள் எதுக்கு? பீரங்கி எங்க வாசற்படியைத் தாண்டட்டும், போதும்” என்று அவரிடமே பேரம் பேசியவன் அவன். படி இரண்டு விரல் உயரம். கட்டிலில் சாய்ந்தபடியே அது நேராகத் தெரிந்தது.

ரிமோட்டை அழுத்தினான். லாரி உறுமியது. நகரவில்லை.

“பின்சக்கரம் காத்துல சுத்துது அண்ணா.”

“குழாய் கனம்டி. அது அந்தப் பக்கம் அமுக்க, கொக்கி இந்தப் பக்கம் லாரியைத் தூக்குது. நிஜப் பீரங்கியிலேயே, இழுத்துட்டுப் போறப்போ குழாயைக் கொக்கிப் பக்கமாத் தள்ளி வெச்சுக்குவாங்க. அதுக்குத்தானே நம்மளதும் நகர்ற மாதிரி செஞ்சேன். தள்ளு.”

அவள் தள்ளவில்லை. முகம் போன போக்கே சொல்லிவிட்டது.

“ஒட்டிட்டியா?”

“ஆடிக்கிட்டே இருந்துச்சுன்னு... நேத்துதான்.”

“எதை வெச்சு?”

“பல்லு ஒட்டுற சிமெண்ட்.”

“அடிப்பாவி!”

“பல்லே உடைஞ்சாலும் அது விடாது” என்றாள். தொழில் பெருமை வரக்கூடாத நேரத்தில் வந்துவிட்டது.

அவன் சிரித்த சிரிப்பில் கட்டில் ஆடியது. சிரிப்பு இருமலானது. ஆனால் இருமல் நின்றதும் அவன் கண்ணில் பழைய கிரேன்காரன்தான் இருந்தான். “லாரியில பாரம் ஏத்து. சீக்கிரம்!”

வீட்டில் கைக்கு வந்த கனமான பொருள் ஒன்றுதான். வேலைப்பையைக் கவிழ்த்து, பிளாஸ்டரில் வார்த்த தாடைகளை வரிசையாக லாரியில் அடுக்கினாள்.

“யார் பல்லுடி முன்னால இளிக்குது?”

“பேங்க் மேனேஜர்.”

“ஆள் கனம்தான். ஏத்து, ஏத்து!”

இந்த முறை லாரி கிளம்பியது. பீரங்கி பின்னாலேயே உருண்டது! அவள் முழங்காலாலேயே கூடவே ஓடினாள், கைதட்டினாள், “வருது, வருது” என்று கூவினாள். மேஜையைச் சுற்றி, செருப்புகளை ஒதுக்கி, லாரி வாசற்படியில் போய் முட்டி நின்றது.

“அழுத்து அண்ணா!”

“விரல் வரலடி. நீ ஓட்டு” என்று ரிமோட்டை நீட்டினான்.

“உன் லாரியை நான் எதுக்கு ஓட்டணும்? தூங்கி எந்திரி. நாலு மணிக்கு நீயே ஓட்டு.”

அவன் ரிமோட்டை மெத்தைமேல் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். நாலு மணிக்குக் காபியோடு வந்தவள், டம்ளரைத் தரையில் வைத்து, அவன் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்துவிட்டு ஆக்சிஜன் மெஷினை நிறுத்தினாள். பிறகு அவன் பக்கத்திலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். வாங்கி ஓட்டியிருக்கலாம். ஒரு நிமிஷ வேலை. கேட்டானே, கொடுத்தானே, வாங்கி ஓட்டியிருக்கலாமே.

பொழுது சாய்வதற்குள் ஸ்ட்ரெச்சரோடு இரண்டு பேர் வந்தார்கள். அவனைத் தூக்கி வைத்து, வெள்ளைத் துணி போர்த்தி, வாசல்வரை வந்து நின்றார்கள். வழியில் லாரி, பீரங்கி, மேனேஜரின் பல்.

“இந்தப் பொம்மையைக் கொஞ்சம் ஓரமா எடுத்து வெக்கட்டுமாம்மா?”

“தொடாதீங்க. அதுவே போகும்.”

கட்டிலிலிருந்து ரிமோட்டை எடுத்து வந்தாள். ஒரு தடவைகூட ஓட்டியதில்லை. முழுக்க அழுத்தினாள். முன்சக்கரம் படியில் ஏறியது, வழுக்கியது, மறுபடி ஏறியது. லாரி அந்தப் பக்கம் இறங்கியதும் பீரங்கி படியில் இடித்துத் தயங்கியது. அவள் விரலை எடுக்கவில்லை. ரப்பர் டயர் நசுங்கிப் படியைக் கவ்வியது. ஒரே எம்பு. தாண்டிவிட்டது.

“வாங்க” என்றாள்.

வெளிநடையில் லாரி மெதுவாகப் போனது. அதன் பின்னால் பீரங்கி. அதன் வேகத்துக்கே அடியெடுத்து வைத்து, பின்னால் ஸ்ட்ரெச்சர் வந்தது.