மூன்றாவது விசில்

மார்ச் பதினாறாம் தேதி, புதன்கிழமை நண்பகலில், கல்குவாரிக்குக் கீழே ஆற்றின் குறுக்கே இருந்த பாலம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. ஏழு பேர் இறந்தார்கள். ஏழு பேரும் குவாரித் தொழிலாளர்கள், கீழ்க்கரையைச் சேர்ந்தவர்கள்.

வெடி வைத்தவர் அதே குவாரியின் வெடிக்காரர். மேல்கரை ஆள். மீசை முளைக்கும் முன்பே பாறையில் துளை போட்டு வெடிமருந்து அடைக்கப் பழகியவர். இடது கையில் இரண்டு விரல் கிடையாது. கேட்பவர்களிடம், "மலை சும்மா கல்லு கொடுக்குமா, ரெண்ட வட்டிக்குப் பிடிச்சுக்கிச்சு" என்பார். விரல் போன பிறகு அவர் ஒரு விஷயத்தில் மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. வெடிக்கு முன் மூன்று நீண்ட விசில் ஊதியாக வேண்டும். முதலாளியே பக்கத்தில் நின்று அவசரப்படுத்தினாலும் மூன்றாவது விசில் முடியாமல், அழுத்தினால் வெடி கிளம்பும் பெட்டியில் கை வைக்கமாட்டார்.

விசிலுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. குவாரியில் மேல்கரைப் பேச்சு, கீழ்க்கரைப் பேச்சு, தெற்கிலிருந்து வந்தவர்களின் பேச்சு என்று மூன்று புழங்கின. "ஓடுங்க" என்று ஒரு மொழியில் கத்தினால் மற்ற இரண்டு கூட்டமும் "என்ன?" என்று திரும்பிப் பார்க்கும். விசில் எல்லோருக்கும் புரிந்தது. கேட்டதும் சம்மட்டியை, கூடையை, வாயில் வைத்த சோற்றைக்கூட அப்படியே போட்டுவிட்டுத் தலைமேல் கையைக் கவிழ்த்துக்கொண்டு பாலத்தடிக்கு ஓடுவார்கள். பாலத்தின் முதல் வளைவில் தண்ணீர் வராது. ஆள் கனத்துக்குக் கருங்கல் சுவர். பறந்து வரும் கல் எதுவும் அங்கே நுழையாது. வெடி முடிந்தபின் ஒரு குட்டை விசில் வரும். அதற்குப் பிறகும் வெடிக்காரர்தான் முதலில் பாறைக்குப் போய்ப் பார்ப்பார். வைத்தவன்தான் முதலில் போக வேண்டும் என்பது குவாரியின் சட்டம். அதனால் எல்லோரும் பதுங்கும் நேரத்தில் அவர் மட்டும் மேலே பெட்டியோடு இருப்பார். இத்தனை வருடத்தில் ஒரு முறைகூடப் பாலத்தடியில் பதுங்கியதில்லை.

கல்லை நொறுக்கும் கிரஷரை ஓட்டியவர் வெடிக்காரருடைய மனைவியின் தம்பி. எந்நேரமும் தலைமுதல் கால்வரை கல்தூசி படிந்திருக்கும் என்பதால் அவருக்குப் பொடி என்று பெயர். கீழ்க்கரைக் குடும்பம். வெடிக்காரர் அந்த வீட்டுப் பெண்ணைக் கட்டியபோது இரண்டு கரையிலும் முணுமுணுப்பு இருந்தது, பிறகு அடங்கிவிட்டது. "எங்க அக்காவ எட்டு விரல்லயே வளைச்சுப் போட்ட ஆளு, பத்தும் இருந்திருந்தா எங்க ஊரையே தூக்கிட்டுப் போயிருப்பாரு" என்று பொடி சாப்பாட்டு வேளையில் ஆரம்பித்தால் மூன்று மொழிக்காரர்களும் சிரிப்பார்கள்.

எல்லைக்கு அப்பாலிருந்து மேல்கரைப் பேச்சில் ஒரு வானொலி ஒலிபரப்பு ஆரம்பித்த வருடம் அந்தச் சிரிப்பு நின்றது. முதலில் பாட்டுகள் வந்தன. பிறகு வரலாறு வந்தது. பிறகு ஆட்களின் பெயர்கள் வந்தன. தபால்காரர் ஒருவர் துரோகி என்று காலையில் சொன்னார்கள். சாயங்காலம் அவர் தபால் பெட்டியோடு சேர்த்துக் கட்டி எரிக்கப்பட்டுக் கிடந்தார். மலைக்குள் பதுங்கியிருந்த மேல்கரைப் பையன்களிடம் எண்ணெய்ப் பிசுக்குப் போகாத புதுத் துப்பாக்கிகள் வந்தன. அவை வந்த பெட்டிகளில் எழுத்து இருந்த இடத்தை இழைத்து எடுத்திருந்தார்கள். அந்தப் பையன்கள் கீழ்க்கரைக்குப் போன பேருந்தை நிறுத்தி, ஏறியிருந்தவர்களைப் பேசச் சொல்லி, பேச்சில் கீழ்க்கரை வாடை அடித்தவர்களை மட்டும் உள்ளே விட்டுக் கதவைப் பூட்டித் தீ வைத்தார்கள். ஒரு வாரம் கழித்து அரசாங்கப் படை மேல்கரைச் சந்தைக்குள் புகுந்தது. அங்கே யாரையும் பேசச் சொல்லவில்லை. கண்ணில் பட்ட ஆண்களைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். எந்தப் பக்கத்துச் செய்தியும் மற்றப் பக்கத்துச் சாவைச் சொல்லவில்லை.

வெடிக்காரரின் தம்பி அந்தச் சந்தைச் சம்பவத்துக்குப் பிறகு மலையேறி அந்தப் பையன்களோடு சேர்ந்தவன். பாலம் போவதற்கு மூன்று நாள் முன்பு, ஞாயிற்றுக்கிழமை பகலில், தெருவே பார்க்க, அவன், நான்கு பேரோடு அண்ணன் வீட்டுக்கு வந்தான். ஒருவர் வெளிநாட்டுக்காரர். அவரை மற்றவர்கள் ஆலோசகர் என்றார்கள். மேல்கரைப் பேச்சைப் பாடப்புத்தகம் வாசிப்பதுபோல் பிழையில்லாமல் பேசினார். வெடிக்காரரின் மனைவி கொடுத்த தண்ணீரை வாங்கி, நன்றி சொல்லி, குடிக்காமல் வைத்தார்.

புதன்கிழமை ராணுவ வண்டிகள் பாலத்தைக் கடக்கப்போகின்றன என்றான் தம்பி. பாலம் இல்லையென்றால் மேல்கரைக்குள் படை வராது. தங்கள் பையன்களும் வெடி வைக்கலாம், ஆனால் அவர்கள் வைத்தால் அரைகுறையாகப் போகும், ஊரே சாகும். அண்ணன் வைத்தால் கத்தி வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கும். வெடிக்காரர், தான் பாறை உடைக்கிறவன், பாலம் உடைக்கிறவன் அல்ல என்றார்.

தம்பி சமையலறைப் பக்கம் பார்த்தான். "கீழ்க்கரைப் பொண்ணக் கட்டினவங்க பேரு ரேடியோல வருது அண்ணே. உன் பேரு வராம நான்தான் பிடிச்சு வச்சிருக்கேன். எத்தன நாளைக்கு முடியும்?"

வந்தவர்களில் இரண்டு பேர் புதன்கிழமை வரை விருந்தாளிகளாக அங்கேயே தங்குவார்கள் என்றும் சொன்னான். அவர்கள் துப்பாக்கியைச் செருப்போடு சேர்த்து வாசலில் வைத்துவிட்டு வரவில்லை.

வெடிக்காரர் மூன்று நிபந்தனை சொன்னார். அன்று முழு அடைப்பு அறிவிக்க வேண்டும், குவாரியில் ஆள் இருக்கக் கூடாது. வண்டிகள் வந்து சேருமுன் வெடிக்க வேண்டும். தன்னை விசில் ஊத விட வேண்டும். ஆலோசகர் தலையசைத்தார். "ஓர் உயிரும் போகாது. நாங்கள் நாகரிகமானவர்கள்" என்றார்.

செவ்வாய்க்கிழமை கிரஷர் அருகில் வெடிக்காரர் பொடியைத் தனியே அழைத்து, மறுநாள் வேலைக்கு வராதே என்றார். காரணம் சொல்லவில்லை. வீட்டில் மனைவி இரண்டு விருந்தாளிகளுக்குச் சமைத்துக்கொண்டிருந்தார்.

"அடைப்புன்னா உங்க ஆளுங்களுக்கு, மச்சான். எங்களுக்கு என்ன?"

"சொன்னாக் கேளு. ஒரு நாள்தானே."

"நேத்து டீக்கடைல எங்களுக்கு டீ இல்லன்னான். இன்னிக்கு வேலை இல்லங்கற. நாளைக்கு மூச்சு விடறதுக்கு யார்கிட்ட கேக்கணும், உங்கிட்டயா, உன் தம்பிகிட்டயா?" பொடி சிரித்துக்கொண்டுதான் ஆரம்பித்தார். முடிக்கும்போது முகத்தில் சிரிப்பு இல்லை. "நீயும் மாறிட்ட மச்சான். அக்காகிட்டச் சொல்லாத, அது அழும்."

வெடிக்காரர் வேறு வழியில்லாமல் அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினார். தூசிதான் பறந்தது. பொடி கையைத் தட்டிவிட்டுப் போனார். குவாரியில் மற்றவர்கள் பார்த்தார்கள். கீழ்க்கரைக்காரர்கள் அதை ஒரு விதமாகப் பார்த்தார்கள், மேல்கரைக்காரர்கள் வேறு விதமாகப் பார்த்தார்கள்.

புதன்கிழமை விடிந்ததும் தம்பியும் ஆலோசகரும் அவரை மருந்துக் கொட்டகைக்கு அழைத்துப் போனார்கள். காவல்காரர் மேல்கரைக் கிழவர், வெடிக்காரரின் தகப்பனோடு வேலை செய்தவர். முதலாளி சொல்லாமல் சாவி தரமாட்டேன் என்றார். தம்பி அவரோடு வாதாடவில்லை. பின்னால் போய் முடியைப் பிடித்துத் தலையைச் சாய்த்துக் கழுத்தை அறுத்தான். கிழவரின் கால்கள் கொஞ்ச நேரம் மண்ணைக் கிளறின. ஆலோசகர் தன் காலணியை ரத்தம் தொடாத தூரத்துக்கு நகர்த்திக்கொண்டார்.

"நம்ம ஆளுடா அவரு" என்றார் வெடிக்காரர்.

"நம்ம ஆளுன்னா சாவி கொடுத்திருக்கணும்" என்றான் தம்பி.

முதல் வளைவுக்கும் தண்ணீருக்கும் நடுவே நிற்கும் தூணில்தான் மருந்து வைக்கச் சொன்னார்கள். அது போனால் மேல்கரைப் பக்கம் மொத்தமும் உட்கார்ந்துவிடும். வெடிக்காரர் அந்த வளைவுக்கடியில் முதன்முறையாகக் குனிந்து நுழைந்தார். உட்கார்ந்து உட்கார்ந்து வழுவழுப்பான கற்கள், பீடித் துண்டுகள். சுவரில் கரியால் ஒரு படம். உப்பிய கன்னம், வாயில் விசில், இடது கையில் மூன்றே விரல். பக்கத்தில் ஒரு மாடு பயந்து ஓடுகிறது. வரைந்தது பொடிதான் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. அவர் சற்று நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தூணுக்குத் திரும்பி வேலையை முடித்தார். குவாரி மூடியிருக்கிறது, இன்று இங்கே யார் வரப்போகிறார்கள் என்பதுதான் அவர் மனதில் இருந்தது.

ஆனால் குவாரிக்கு ஆள் வந்திருந்தது. பொடி ஆறு பேரைச் சேர்த்துக்கொண்டு, பாலத்தில் மறியல்காரர்கள் நிற்பார்கள் என்று மேலே தள்ளி ஆற்றில் இறங்கிக் கடந்து, லாரித் தடம் வழியாகப் பின்பக்கமாக வந்து சேர்ந்திருந்தார். அடைப்பு அன்று கிரஷர் ஓடும் சத்தம் இரண்டு கரைக்கும் கேட்க வேண்டும் என்பது அவர் வீம்பு. ஓட்டியிருந்தால் கேட்டிருக்கும். ஆனால் ஓட்டுமுன்னே பெல்ட் அறுந்துபோனது. ஏழு பேரும் கிரஷர் கொட்டகைக்குள் உட்கார்ந்து சத்தமில்லாமல் அதைக் கோத்துக்கொண்டிருந்தார்கள்.

மேலே, வெடிக்காரரின் வழக்கமான பாறைக்குப் பின்னால் மூவரும் இருந்தார்கள். வெயில் ஏறியது. தூரத்தில் கீழ்க்கரைச் சாலையில் புழுதி தெரிந்ததும் வெடிக்காரர், இப்போதே முடித்துவிடலாம் என்றார். ஆலோசகர் தொலைநோக்கியை இறக்கவில்லை.

"வண்டிகள் பாலத்தின் மேல் வரட்டும்" என்றார்.

"அப்படிப் பேசல."

"நிலைமை மாறிவிட்டது."

வெடிக்காரர் தம்பியைப் பார்த்தார். அவனுக்கு இது முன்பே தெரியும் என்பது முகத்தில் இருந்தது. பாலத்தின் மேல் ஒருவன் தள்ளுவண்டியில் விறகு தள்ளிக்கொண்டு வந்தான். அவனுக்குப் பின்னால் ஒரு பெண் இடுப்பில் பிள்ளையோடு நடந்து வந்தாள். முதல் ராணுவ வண்டி எதிர்க்கரையில் பாலத்தை நோக்கித் திரும்பியது.

வெடிக்காரர் விசிலை எடுத்து ஊதினார். கை தானாகப் போனது என்று பிற்பாடு சொன்னார். முதல் நீண்ட விசிலிலேயே தம்பி பாய்ந்து வந்தான். அவனை ஒரு தோளால் தள்ளிவிட்டு இரண்டாவதை ஊதினார், மூன்றாவதையும் ஊதினார். தள்ளுவண்டிக்காரன் மலையை அண்ணாந்து பார்த்தான், பிறகு வண்டியை அப்படியே விட்டுவிட்டு எதிர்க்கரைக்கு ஓடினான். பெண்ணும் பின்னால் ஓடினாள். ராணுவ வண்டி பாலத்தின் வாயில் நின்றது. அதுவரை அவர் நினைத்தது நினைத்தபடி நடந்தது.

அப்போது கிரஷர் கொட்டகையிலிருந்து ஏழு பேர் வெளியே வந்தார்கள். தலைமேல் கையைக் கவிழ்த்துக்கொண்டு, குனிந்தபடி, இத்தனை வருடம் அவர் ஊதி ஊதிப் பழக்கிவிட்ட ஓட்டத்தில் பாலத்தடியை நோக்கி ஓடினார்கள். முன்னால் ஓடியவர் தலைமுதல் கால்வரை சாம்பல் நிறமாக இருந்தார்.

வெடிக்காரர் கத்தினார். அந்தத் தூரத்துக்குக் குரல் போகாது, அதற்காகத்தானே விசில். வெளியே வரச் சொல்லும் குட்டை விசிலை ஊதினார். வெடி வெடிக்காமல் அந்த விசில் ஒரு நாளும் வந்ததில்லை. கீழே இருந்தவர்கள் அதை அவசர எச்சரிக்கை என்று எடுத்துக்கொண்டார்கள். வளைவின் வாயில் நின்றிருந்த இரண்டு பேரும் உள்ளே நகர்ந்து சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள்.

எதிர்க்கரையில் வண்டிகள் பின்வாங்க ஆரம்பித்தன. "போகிறார்கள்" என்றார் ஆலோசகர். வெடிக்காரர் பெட்டியின்மேல் விழுந்து அதை வயிற்றுக்கடியில் போட்டுக்கொண்டார். தம்பி துப்பாக்கிக் கட்டையால் அவர் முதுகில் அடித்தான், பிறகு தலையில் அடித்தான். விரல் இல்லாத கையைப் பிடித்து முறுக்கித் திருப்பினான். எலும்பு முறிந்தது.

"பொடிடா... அண்ணியோட தம்பிடா."

தம்பி பெட்டியை இழுத்துக்கொண்டு நிமிர்ந்தான். மூச்சு வாங்கியது. "கீழ்க்கரைக்காரங்கதானே அண்ணே" என்றான். அழுத்தினான்.

தூண் முதலில் சற்று உயர்ந்ததுபோல் இருந்தது. பிறகு முதல் வளைவு நடுவில் பிளந்து, கல் கல்லாக இல்லாமல் மொத்தமாக உள்ளே உட்கார்ந்தது. புழுதி மலையின் பாதி உயரத்துக்கு வந்தது. அது அடங்குவதற்குள் மற்ற இருவரும் மலைப் பக்கம் இறங்கிவிட்டார்கள். வெடிக்காரரையும் வரச் சொன்னார்கள். அவர் ரத்தம் வழிந்த கண்ணைத் துடைத்துக்கொண்டு, உடைந்த கையை மார்போடு பிடித்துக்கொண்டு, எதிர்ப்பக்கமாக இறங்கினார். வைத்தவன்தான் முதலில் போக வேண்டும்.

எதிர்க்கரையிலிருந்து ஆற்றில் இறங்கி வந்த ராணுவ வீரர்கள் அவரைக் கற்குவியலின் மேல் கண்டார்கள். ஒரு கையால் கல்லைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஒரு கால், ஒரு செருப்பு, அறுந்த பெல்ட்டின் ஒரு துண்டு வெளியே வந்திருந்தன. பொடியின் தலை இரண்டு கல்லுக்கு நடுவே தெரிந்தது. அதில் சாம்பல் நிறத் தூசியை ரத்தம் கோடு கோடாகக் கழுவியிருந்தது. அவர்கள் அவரை அடித்தார்கள். அடிக்கும்போதும் அவர் இன்னும் ஆறு பேர் உள்ளே இருக்கிறார்கள் என்று அவர்களுக்குப் புரியாத மொழியில் சொல்லிக்கொண்டிருந்தார்.

எல்லைக்கு அப்பாலிருந்த வானொலி அன்று மாலை எதிரிப் படையினர் நாற்பது பேர் கொல்லப்பட்டதாகச் சொன்னது. அரசாங்கச் செய்தி, பயங்கரவாதிகள் ஏழு தொழிலாளர்களை விசில் ஊதி வரவழைத்துக் கொன்றதாகச் சொன்னது. காவல்காரர் இரண்டிலும் வரவில்லை. வீட்டில் இருந்த இரண்டு விருந்தாளிகளும் வெடிச் சத்தம் கேட்டதும் மனைவியை ஒன்றும் செய்யாமல் கிளம்பிப் போனார்கள். மறுநாள் மனைவி ஆஸ்பத்திரியில் தன் தம்பி பொடியின் உடலை அடையாளம் காட்டினார்.

வெடிக்காரரின் தம்பி அந்த வருடக் கடைசியில் வேறொரு பாலத்தருகே சுட்டுக்கொல்லப்பட்டான். ஆலோசகர் எங்கே போனார் என்று விசாரணையில் தெரியவரவில்லை. வெடிக்காரருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. வழக்கு நடந்த நாளெல்லாம் மனைவி நீதிமன்றத்துக்கு வந்தார். இறந்தவர்களின் குடும்பத்துக்கு ஒதுக்கிய வரிசையில் உட்கார்ந்தார்.

பாலம் அடுத்த ஆண்டு மீண்டும் கட்டப்பட்டது. கல் அதே குவாரியிலிருந்து வந்தது.