இருபதாவது ஆள்

சியோலில் அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொன்னால் டாக்சிக்காரர்கூட மரியாதையாகத் திரும்பிப் பார்ப்பார். உள்ளே நடக்கும் கூத்து அவருக்கு எங்கே தெரியப்போகிறது? நூற்றுக்கு முப்பது பேருக்கு மேல் ஏ கிடையாது என்பது அங்கே விதி. புள்ளியியல் வகுப்பில் இருபது பேர். அதனால் ஆறு ஏ. ஒருவர் விலகிப் பத்தொன்பதானால் ஐந்துதான். இடைத்தேர்வில் நரே ஆறாவது.

கடைசி, இருபதாவது இடம் கிதேவுக்கு. ராணுவச் சேவை முடித்துத் திரும்பிய மூத்த மாணவர். அவர் வகுப்பை விட்டு விலகப்போகிறார் என்று கேள்விப்பட்டதிலிருந்து நரேவுக்குச் சோறு இறங்கவில்லை. சட்டப் படிப்புக்கு விண்ணப்பிக்கிறவள் அவள். ஒரு பி விழுந்தாலும் அங்கே விண்ணப்பத்தைப் புரட்டிக்கூடப் பார்க்கமாட்டார்கள்.

விலகுவதற்குக் கடைசி நாள் அன்று. மாலை ஐந்து மணிவரை நேரம். மூன்றரைக்கு அவரைத் தேடிப் பிடித்தாள். வாசலோரக் கடையில் கப் நூடுல்ஸை வைத்துக்கொண்டு, மூடியைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"சன்பே, சாப்பிடலையா?" சீனியரை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். அந்தப் பருவம் முழுக்க அவரிடம் அவள் பேசிய முதல் பேச்சு அதுதான்.

கிதே சிரித்தார். "விலகாதேன்னு கேக்க வந்ததுல நீ அஞ்சாவது ஆளு. காலைல வந்தவன் காபியாவது வாங்கிக் குடுத்தான். நீ வெறுங்கையோட வந்து நிக்கறே."

நரேவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"மார்ச்லேர்ந்து தூக்கமில்ல," என்றார் அவர். "புத்தகத்தைத் தொறந்தா கை நடுங்குது. எல்லாத்தையும் விட்டுட்டு வீட்டுக்குப் போங்கறார் டாக்டர்."

ஐயோ என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். "இன்னும் மூணு வாரம்தானே, சன்பே," என்று வந்தது. "நீங்க ஒண்ணும் எழுதக்கூட வேணாம். சும்மா வந்து உக்காந்தா போதும்."

தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. ஆனாலும் சொன்னதை அவள் திரும்பப் பெறவில்லை.

"மத்தவங்கல்லாம் என் நல்லதுக்குச் சொல்றதா சொன்னாங்க," என்றார் கிதே. "நீ?"

"எனக்காகத்தான் கேக்கறேன்."

அவர் நூடுல்ஸின் மூடியைப் பிரித்தார். "நீயாவது உண்மையச் சொன்னே. சரி, போ. இருக்கேன்."

சொன்னபடி இருந்தார். தேர்வன்று வந்து, தாளில் பெயரை எழுதிவிட்டு, கைகளை மேசைக்கடியில் வைத்துக்கொண்டு இரண்டு மணிநேரம் உட்கார்ந்திருந்தார். முன்வரிசையில் இருந்த நரே ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு பார்க்கத் துணியவில்லை.

ஒரு வாரத்தில் முடிவு வந்தது. அதுவரை ஒன்பதாவதாக இருந்த ஒருத்தி எல்லாரையும் தாண்டிப் போயிருந்தாள். நரே ஏழாவது. பி பிளஸ். அழக்கூட வரவில்லை.

அன்று மாலை கைப்பேசியில் கிதேவின் செய்தி வந்தது. "ஊருக்கு வந்துட்டேன். எனக்கு எஃப், தெரிஞ்சதுதானே. உனக்குக் கிடைச்சுதா?"

நரே எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள்.

"கிடைச்சுது, சன்பே. உங்களாலதான்."