அறுபத்தோராம் அத்தியாயத்து மிளகுத் தூள்

தமிழில் இதுவரை அச்சேறிய கதைப் புத்தகங்களில் எடையுள்ளவை மொத்தம் ஒன்றரைதான் என்று 1953-ஆம் வருஷம் ஓணம் கழிந்த ஞாயிற்றுக்கிழமை, மட்டாஞ்சேரி தமிழ் வாசகசாலையில் பதினேழு பேர் முன்னிலையில் அனந்தநாராயணன் அறிவித்தான். அன்று சாயங்காலமே மற்றவை மிதக்கத் தொடங்கின. ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி அவன் தீர்ப்பளிக்க அளிக்க, அந்தந்தப் புத்தகம் அலமாரியிலிருந்து நழுவி, அந்தரத்தில் ஒரு தடவை தயங்கி, மேலே போய் உத்தரத்தில் ஒட்டிக்கொண்டது. காரியதரிசி வெங்கிட்டு தன் குடையின் வளைந்த பிடியால் இரண்டைக் கீழே இழுத்துப் பார்த்தார். விட்டதும் அவை மறுபடி ஏறிவிட்டன. மினிட் புத்தகத்தில் 'இன்று நாற்பத்திரண்டு நூல்கள் உயர்ந்த இடத்தில் உள்ளன' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் கதவைப் பூட்டினார்.

அனந்தநாராயணனுக்கு அப்போது இருபத்திநாலு வயது. பஜார் ரோடில் ஒரு மிளகுக் கிட்டங்கியில் தரம் பார்ப்பவன். குத்தூசியை மூட்டையின் மேலே ஒரு குத்து, நடுவே ஒரு குத்து, அடியில் ஒரு குத்து. வந்து விழும் மிளகை உள்ளங்கையில் உருட்டி, இரண்டைக் கடித்து, சரக்கு கெட்டியா பொக்கா என்று சொல்லிவிடுவான். அவன் பொக்கு என்ற மூட்டையைத் தண்ணீர்த் தொட்டியில் கொட்டினால் அத்தனையும் மிதக்கும், ஒருநாளும் தப்பியதில்லை. புத்தகத்தையும் அவன் அப்படியேதான் பார்த்தான். முன்னால் ஒரு பக்கம், நடுவில் ஒரு பக்கம், கடைசியில் ஒரு பக்கம். முழுதும் வாசிப்பது தொழில் தெரியாதவன் வேலை என்பது அவன் கட்சி. எல்லோரும் கொண்டாடிய ஒரு யாத்திரைக் கதையில் நாயகன் நானூறு பக்கம் நடந்தும் ஒரு இடத்திலும் குளிக்கவில்லை என்று அதை மேலே அனுப்பினான். பாடப் புத்தகமாகவே ஆகிவிட்ட இன்னொன்றில் புருஷனும் பெண்டாட்டியும் தாசில்தாருக்கு மனுக் கொடுப்பது போலப் பேசிக்கொள்கிறார்கள் என்றான், அதுவும் போயிற்று. புராண இதிகாசங்களைப் பற்றி மட்டும் அவன் அபிப்பிராயம் சொல்லவில்லை. வீட்டில் சாப்பாடு கிடைக்க வேண்டுமே. எடையுள்ளது என்று அவன் ஒப்புக்கொண்ட ஒன்று, கலங்கரை விளக்குக் காவல்காரனைப் பற்றிய எண்பது பக்கக் கதை. அதில் யாருக்கும் கல்யாணம் ஆவதில்லை. அரை என்பது பின்பாதியைக் கரையான் தின்றுவிட்ட ஒரு நாவல். மிச்சம் இருந்தவரை பிரமாதம் என்பது அவன் முடிவு.

ஊர் இதற்குப் பழகிக்கொள்ள ஒரு மாசம் கூட ஆகவில்லை. வெங்கிட்டு ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு கயிறு கட்டி, நுனியில் பெயர்ச் சீட்டைத் தொங்கவிட்டார். வேண்டியவர்கள் கயிற்றை இழுத்துப் புத்தகத்தை இறக்கி, பெஞ்சில் மல்லாந்து படுத்து, மார்புக்கு மேலே பிடித்து வாசித்தார்கள். கழுத்துவலி குறைந்தது என்று சொன்னவர்களும் உண்டு. புதிதாகச் சேர்ந்தவர்கள் செருப்பை வெளியே விடுவது போல இதையும் அங்குள்ள வழக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

'ஏழாம் படித்துறை' மட்டும் வாசகசாலையில் இல்லை. அது புத்தகமாகவே வரவில்லை. மதராஸ் வாரப் பத்திரிகை ஒன்றில் தொண்ணூற்றாறு அத்தியாயம் தொடர்கதையாக வந்தது. எழுதியவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும், ஆகையால் இங்கே வேண்டாம். பத்திரிகைக் கட்டு ரயிலில் எர்ணாகுளம் வந்து, அங்கிருந்து போட்டில் மட்டாஞ்சேரி ஜெட்டிக்கு வரும் நாளில் தமிழ் வீட்டுக்காரர்கள் அங்கே போய் நின்று, கட்டைப் பிரிக்கும் முன்பே கை நீட்டினார்கள். நடந்துகொண்டே வாசித்துக் கைவண்டிகளில் இடித்துக்கொண்டார்கள். வாராவாரம் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, கூந்தல் தைல விளம்பரங்களோடு சேர்த்துத் தைத்து, அட்டை போட்டார்கள். அப்படிப் பத்து வீட்டில் பத்துப் பிரதி இருந்தது. அதன் அறுபத்தோராம் அத்தியாயத்தில் ஆற்றில் வெள்ளம் ஏறுகிறது. கதாநாயகி சிவரஞ்சனி தனக்கென்று வந்த ஒரே தோணியில், தன்னைக் காட்டிக்கொடுத்தவளை ஏற்றி அனுப்பிவிட்டு, ஏழாம் படியில் நின்று, முழுகும் படிகளை ஒவ்வொன்றாக எண்ணுகிறாள். இதை வாசித்து அழாதவர் அந்தப் பத்து வீட்டில் இல்லை. அழுததாக ஒப்புக்கொண்டவரும் இல்லை. பக்கத்தில் கிட்டங்கி, காற்றில் மிளகுத் தூள் என்றார்கள்.

"அதெப்படி ஓய், இந்த ஊர் மிளகுத் தூள் சரியா அறுபத்தோராம் அத்தியாயத்துல மட்டும் பறக்கறது?" என்று அனந்தநாராயணன் பார்ப்பவர்களிடமெல்லாம் கேட்டான். கல்யாண வீட்டுப் பந்தியில், எதிர் இலைக்காரர் மூக்கைச் சிந்துவது போல நடித்தும் காட்டினான்.

1955-இல் அவனுக்குக் கல்யாணம் ஆயிற்று. கல்பாத்தியிலிருந்து வந்த காமாக்ஷி ஒரு டிரங்குப் பெட்டியும், நீலத் துணி அட்டை போட்ட நாலு பாகம் 'ஏழாம் படித்துறை'யும் கொண்டுவந்தாள். பதினோராவது பிரதி அதுதான். மூன்றாம் நாள் காலையில் காபி டம்ளரை வைத்துவிட்டு அவள் சொன்னாள்: "உங்க வாயைப் பத்திக் கேள்விப்பட்டேன். ஊர்ல இருக்கற எல்லாப் புஸ்தகத்தையும் பறக்க விடுங்கோ. இதைப் பத்தி மட்டும் ஒண்ணும் சொல்லப்படாது, கேட்டேளா?" அவன் சரி என்றான். ஆறு வருஷம் வாக்கைக் காப்பாற்றவும் செய்தான். இது அவனுக்கு எளிதாக இருந்ததாகத் தெரியவில்லை. நாவில் கொப்புளம் வரும், அவன் பனங்கற்கண்டு போட்டுக்கொள்வான்.

தினமும் மத்தியானம் மூன்று மணிக்குக் காமாக்ஷி பின்முற்றத்து வேலியருகே உட்கார்ந்து, அடுத்த வீட்டு அம்மிணிக்குக் கதை வாசித்தாள். அம்மிணிக்குத் தமிழ் கேட்டால் புரியும், வாசிக்கத் தெரியாது. ராஜாவுக்கு ஒரு குரல், தோணிக்காரனுக்கு ஒரு குரல், சிவரஞ்சனிக்குத் தன் சொந்தக் குரல். அம்மிணி வரிக்கு வரி நிறுத்திக் கேள்வி கேட்பாள், வில்லனை மலையாளத்தில் வைவாள், வேண்டிய இடத்தைத் திரும்ப வாசிக்கச் சொல்வாள். இந்த வேகத்தில் 1961 கர்க்கடக மாசத்து மழை முடிந்தபோது அறுபது அத்தியாயம்தான் ஆகியிருந்தது. கதையில் வெள்ளம் முதல் படியைத் தொட்டிருந்தது.

மழை விட்டு முதல் வெயில் அடித்த நாளில் மட்டாஞ்சேரி வீடுகளில் பெட்டியில் இருப்பதையெல்லாம் முற்றத்தில் உலர்த்துவார்கள். அன்று பதினோரு முற்றத்திலும் பட்டுப்புடவை, மிளகாய் வற்றல், 'ஏழாம் படித்துறை'. சாப்பாட்டு நேரத்துக்கு வந்த வெங்கிட்டு இதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை.

"எல்லாத்துக்கும் அபிப்பிராயம் உண்டு. இதுக்கு மட்டும் ஆறு வருஷமா இல்லை. பயமாக்கும்?"

"பயம் என்ன ஓய் பயம்?"

"பின்னே? ஒருவேளை நீரும் அழுதுட்டீரோ?"

இதுதான் தாங்கவில்லை. அனந்தநாராயணன் குனிந்து, முதல் பாகத்தில் ஒரு பக்கம், இரண்டாவதில் ஒரு பக்கம், கடைசிப் பாகத்தில் ஒரு பக்கம் புரட்டினான். மூன்று பக்கத்திலும் நிலா இருந்தது. "பொக்கு" என்றான்.

நாலு பாகமும் பாயைவிட்டு எழுந்தன. மேலே உத்தரம் இல்லை, ஆகாயம்தான் இருந்தது. தென்னைமட்டைகளைக் கடந்து அவை ஏறியபோது, இருபுறத்துக் கூரைகளுக்கு மேலும் மற்றப் பத்துப் பிரதிகள் தெரிந்தன. கடல்காற்று அவற்றை வடகிழக்கே ஒதுக்கியது. கொக்குக் கூட்டம் போல வல்லார்பாடம் தீவைத் தாண்டிப் போனதை ஜெட்டியில் இருந்தவர்கள் பார்த்தார்கள். மறுநாள் ஏலூர்த் தொழிற்சாலைப் புகைபோக்கிகளுக்கு மேலே நீல அட்டை ஒன்று சுற்றிக்கொண்டிருப்பதாகச் செய்தி வந்தது.

காமாக்ஷி வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். கையில் இருந்த மோர்ச் சட்டியைக் கீழே வைத்தாள்.

"மிளகை நீங்க என்ன சொன்னாலும் அதோட எடை மாறறதில்லே. கெட்டின்னு சொன்னா பொக்கு முழுகுமா? புஸ்தகம் மட்டும் உங்க வார்த்தைக்கு எடை போயிடறது. அப்போ நீங்க பார்க்கறது தரமில்லே. வேறென்னமோ."

அன்றிலிருந்து சாதம், ரசம், எண்ணெய் தீர்ந்தது என்பதற்கு மேல் அவள் அவனோடு பேசவில்லை. பத்து வீட்டுக்காரர்கள் அவனைக் கண்டால் தெருவின் மறுபக்கம் போனார்கள். மூன்று மணிக்குக் காமாக்ஷி வழக்கம் போல வேலியருகே போய், மடியில் வெறும் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "பின்னே ஆ குட்டி எந்தாயி, காமாக்ஷி? முங்கிப் போயோ?" என்று சிவரஞ்சனியைப் பற்றி அம்மிணி கேட்பாள். தெரிந்த கதைதான், வாயால் சொல்லியிருக்கலாம். காமாக்ஷி மாட்டேன் என்றாள். "சொன்னா அது சேதி அம்மிணி. வாசிச்சாத்தான் அவ வருவா." உள்ளே இருந்து அனந்தநாராயணன் இதைக் கேட்டான். அந்த முற்றத்தில் ராஜாவும் தோணிக்காரனும் பேசாத மத்தியானம் இவ்வளவு நீளம் என்று அவனுக்கு இதற்கு முன் தெரியாது.

மூன்று வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கல்பாத்திக்குப் போனான். அங்கே காமாக்ஷியின் அக்கா லோகாம்பாளிடம் ஒரு பிரதி இருந்தது. அவன் வாய்க்கு அந்த ஊரில் மதிப்பில்லாததால் அது பத்திரமாக இருந்தது. லோகாம்பாள் அதைக் கல்பாத்தி தாண்டி அனுப்ப மறுத்தாள். "இங்கேயே உக்காந்து எழுதி எடுத்துக்கோங்கோ. ஒரு தடவைக்கு ஒரு அத்தியாயம். அதுவும் ஒண்ணாம் அத்தியாயத்துலேர்ந்து. நடுவுல குத்திப் பார்க்கறதெல்லாம் கிட்டங்கியில வச்சுக்கணும்."

இப்படியாக இரண்டு வருஷம், சனிக்கிழமை கிட்டங்கி மூடியதும் எர்ணாகுளம் போய் ரயில் ஏறி, ஒலவக்கோட்டில் இறங்கிக் கல்பாத்தி போய், ஒரு அத்தியாயம் எழுதி எடுத்துக்கொண்டு ஞாயிறு மத்தியானம் போட்டில் திரும்பினான். மாசத்துக்கு இரண்டு மூன்று முறை போனான். முதல் அத்தியாயத்தைக் கொண்டுவந்து நீட்டியபோது காமாக்ஷி கை நீட்டவில்லை. "அம்மிணிக்கு வாசிச்சுக் காட்டுங்கோ. ஆதியிலேர்ந்து. குரல் மாத்தி" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டாள்.

அவன் வாசித்தான். முதலில் ராஜா, தோணிக்காரன், சிவரஞ்சனி மூவருமே மிளகு ஏலம் கூவுவது போலப் பேசினார்கள், அம்மிணி சிரித்து வேலியைப் பிடித்துக்கொண்டாள். எழுதி எழுதி அவனுக்குச் சில விஷயங்கள் தெரிந்தன. நிலா நூற்று நாற்பது தடவை வருகிறது. அதில் நூறு தேவையில்லை, அந்த அபிப்பிராயத்தை அவன் கடைசிவரை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் மூட்டையில் மேல் மிளகும் அடி மிளகும் ஒரே கொடியில் காய்த்தவை. இங்கே அப்படி இல்லை. முதல் அத்தியாயத்தில் ஐந்து வயதுச் சிவரஞ்சனி அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு படித்துறையில் இறங்கி, ஒன்று, இரண்டு என்று எண்ணக் கற்கிறாள். நாலு வராமல் மூன்றிலிருந்து ஐந்துக்குத் தாவுவாள். அப்பா சிரித்து மறுபடி மேலே ஏற்றிவிடுவார். அவன் குத்தூசி அந்தப் பக்கத்தில் விழவே இல்லை.

1963 ஓணம் கழிந்த ஞாயிற்றுக்கிழமை அறுபத்தோராம் அத்தியாயம் வந்தது. நல்ல வெயில். காமாக்ஷி வாசற்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். தோணி போயிற்று. சிவரஞ்சனி படிகளை எண்ணத் தொடங்கினாள். ஒன்று என்று வாசித்தான். இரண்டு என்று வாசித்தான். மூன்று என்று வாசித்தான். அதற்கடுத்த எண் அவன் கையெழுத்திலேயே தெளிவாக எழுதியிருந்தது. வாய் வரவில்லை.

அம்மிணி வேலிக்கு மேலாக எட்டி, அழுகிறானா என்று பார்த்தாள். "எந்தா சாமி, கரயுகயாணோ?"

"மிளகுத் தூள்" என்றான் அனந்தநாராயணன்.

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமை. கிட்டங்கியெல்லாம் பூட்டிக் கெடக்கு" என்றாள் காமாக்ஷி. கீரைத் தட்டை ஓரமாக வைத்துவிட்டு வந்து, அவன் பக்கத்தில் உட்கார்ந்து, காகிதத்தைப் பார்த்து, "நாலு" என்று தன் சொந்தக் குரலில் வாசித்தாள். பிறகு, "ம், நீங்க வாசிங்கோ" என்றாள்.

ஐந்தாம் படி முழுகும்போது நீல அட்டைகள் தென்னைக்கு மேலே தெரிந்தன. நாலும் ஒன்றன்பின் ஒன்றாக, ஏலூர்ப் புகை வாசனையோடு முற்றத்தில் இறங்கின. அம்மிணி எழுந்து போய், அவை விழ இடம் விட்டு மிளகாய்ப் பாயைக் கொஞ்சம் இழுத்துப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். தெருவில் மற்றப் பத்து வீடுகளிலும் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அனந்தநாராயணன் நிமிர்ந்து பார்க்கவில்லை. மேல்துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுத்த தாளைப் புரட்டினான்.